தண்டையார்பேட்டை மூக்கு

கேள்வி: ஆறு மாதத்துக்கு ஒருமுறை லகவூலின் 16 என்ற ஸ்காட்ச் விஸ்கியில் ஒரு ஸ்மால் சாப்பிடுவேன். அதன் புகை வாசனை எனக்கு உயிர். என் மச்சான், 'ஆஸ்பத்திரி நாத்தம் அடிக்குது, இதுக்கு இவ்ளோ காசா? நம்ம ஏரியாவுக்கு இதெல்லாம் தேவையா?' என்கிறான். நான் செய்வது பகட்டா?
- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: நாலு பேர் பார்க்க வேண்டும் என்று வாங்கினால் பகட்டு. ஆறு மாதம் காத்திருந்து, 30 மில்லியை வைத்துக்கொண்டு முகர்ந்து முகர்ந்து சாப்பிடுகிறவருக்கு அந்தப் பேர் பொருந்தாது. தாராளமாகச் சாப்பிடுங்கள்.

மச்சானின் மூக்கும் நல்ல மூக்குதான். அது ஆஸ்பத்திரி வாசனையேதான். லகவூலின் தயாராகிற ஐலா, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் தீவு. அங்கே மரம் குறைவு. அதனால் சதுப்பு நிலத்தில் பாசியும் செடியும் மட்கிப் படிந்த கறுப்பு மண்ணைக் கட்டிகட்டியாக வெட்டி, உலர்த்தி, அதையே எரித்தார்கள். பீட் என்பது அதுதான். முளைகட்டிய பார்லியை ஈரத்தோடு அந்தப் புகையில் காயவைப்பார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையில் சாம்பிராணி பிடிக்கிற மாதிரிதான், ஈரம் இருக்கும்போது புகை நன்றாக ஏறும். அந்தப் புகையில் குவாயகால் என்ற பொருள் கரிவாசனையைத் தருகிறது, கிரெசால் மருந்து வாசனையைத் தருகிறது. பழைய லைசாலிலும் சிவப்பு லைஃப்பாய் சோப்பிலும் நம் வீடுகளில் மணத்தது இதே குடும்பம்தான். இந்தக் குடும்பத்துக்கு மூத்தது கார்பாலிக் அமிலம். 1865ல் கிளாஸ்கோ ஆஸ்பத்திரியில் ஜோசப் லிஸ்டர், கால் முறிந்த ஒரு சிறுவனின் காயத்தில் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியைக் கட்டி, சீழ்வைக்காமல் ஆற்றிக் காட்டினார். ஆக, ஸ்காட்லாந்தின் விஸ்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒரே வாசனை. பக்கத்து டிஸ்டிலரியான லாஃப்ராய்க்கின் சரக்கு, அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது மருந்து என்றே விற்கப்பட்டது.

அதற்காக இதை மருந்து என்று யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். 'அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது' என்று எழுதுகிற வாசகர்களோடு இந்தப் பக்கத்தில் எனக்குத் தீராத வழக்கு. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. சந்தோஷத்துக்குச் சாப்பிடுகிறீர்கள், அதைச் சந்தோஷம் என்றே சொல்லுங்கள். ஆறு மாதக் கணக்கை மட்டும் மூன்று மாதமாக்கிவிடாதீர்கள்.

அப்புறம், ஐஸ் போடாதீர்கள். குளிர்ந்தால் வாசனை மேலே எழும்பாது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, வாயை லேசாகத் திறந்தபடி முகர்ந்து பாருங்கள். முதலில் தார் வரும், அதற்கடியில் நனைந்த வடக்கயிறு, உப்பு, கடைசியில் ஒரு சின்ன இனிப்பு. குடித்த கிளாஸை அன்று இரவு கழுவ வேண்டாம். காலையில் எடுத்து முகர்ந்தால் அணைந்த அடுப்பின் வாசனை அப்படியே இருக்கும். பதினாறு வருடம் ஓக் பீப்பாயில் கிடந்த சாராயத்தில் கோலாவை ஊற்றுகிறவர்களை நான் மன்னிப்பதாக இல்லை. தொட்டுக்கொள்ள மிக்சர் வேண்டாம். காசிமேட்டில் நல்ல நெத்திலிக் கருவாடாக வாங்கி, தணலில் சுட்டு, ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மச்சானின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். 'நம்ம ஏரியாவுக்குத் தேவையா' என்றால் என்ன அர்த்தம்? வட சென்னை என்றாலே கையில் கத்தியையும் இடுப்பில் குவார்ட்டரையும் செருகிவிடுகிற சினிமாக்காரர்களைப் பல வருடமாகத் திட்டி வருகிறேன். அவர்கள் எடுத்த படத்தை நாமே நம்பிவிட்டோமே என்பதுதான் எனக்கு ஆத்திரம். கேரம் போர்டும் குத்துச்சண்டையும் கால்பந்தும் வளர்த்த தெருக்கள் இவை. இங்கே இருப்பவருக்கு நல்ல நாக்கும் நல்ல மூக்கும் இருக்கக்கூடாதா?

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது 'புகை வாசனை எனக்கு உயிர்' என்ற வரி. தண்டையார்பேட்டையிலிருந்து இப்படி ஒரு வரி! ஒரு பக்கம் கொடுங்கையூர் குப்பைமேடு. அதைத் தாண்டினால் 1969லிருந்து மணலி சுத்திகரிப்பு ஆலை. வடக்கே, 1970ல் ஓட ஆரம்பித்த எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017ல் மூடினார்கள். வட சென்னை அனல் மின் நிலையம் இன்னும் ஓடுகிறது, அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்து கிடக்கிறது. உங்கள் கிளாஸிலுள்ள புகையை நீங்கள் விரும்பி, காசு கொடுத்து வாங்கினீர்கள். ஜன்னல் வழியாக வருகிற புகையை யாரும் உங்களைக் கேட்டு அனுப்பவில்லை. பீட் ஒரு சாண் ஆழம் படிய ஏறக்குறைய இருநூறு வருடம் ஆகும், அதனால் ஸ்காட்லாந்தில் சதுப்பு நிலத்தைக் காப்பாற்றப் போராடுகிறார்கள். எங்கள் கழிமுகத்துக்கும் அந்த அக்கறை கிடைக்கும்வரை, எந்தக் கேள்வி வந்தாலும் நான் அந்த ஆற்றில் போய்த்தான் நிற்பேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நெடி மூக்கில் ஏறித்தான் அவர்கள் விழித்தார்கள்.

ஒரு கிளாஸில் தாரையும் உப்பையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்த உங்களிடம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. இன்றிலிருந்து உங்கள் ஜன்னலில் வருகிற நாற்றத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, மணி, காற்று எந்தப் பக்கமிருந்து, எரிந்த பிளாஸ்டிக்கா, கந்தகமா, கேஸா. மச்சானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாதக் கணக்கை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகாராக அனுப்பிவிட்டு, நகலை எனக்கு அனுப்புங்கள். இதே பக்கத்தில் ஒரு வரி விடாமல் போடுகிறேன்.