ஈமேக்ஸ் ஆர்க் மோடில் தேதியைக் கூட்டிக் குறைக்கும் விசைகள்: கேள்வி பதில்

ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்தியில் குறிப்பும் வேலைப் பட்டியலும் எழுத உதவும் வசதி ஆர்க் மோட். ஆர்க் கோப்பில் தேதிகளைக் கையால் அழித்து எழுதுபவர்கள் நிறையப் பேர். அப்படி எழுதும்போது கிழமை பழையபடியே நின்றுவிடும். கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில். விசைகள் எல்லாம் ஆர்க் முதலில் தரும் அமைப்பின்படி. நீங்கள் மாற்றி வைத்திருந்தால் வேறுபடும்.

கேள்வி: அடிப்படையிலிருந்து சொல்லுங்க அண்ணா. தேதியை நுழைக்க எது, மாற்ற எது?

நுழைக்க: கண்ட்ரோல்+சி, பிறகு புள்ளி. இது அஜெண்டாவில், அதாவது வேலைகளை நாள்வாரியாகக் காட்டும் பட்டியலில், தெரியும் தேதி; கோண அடைப்புக்குள் வரும். அங்கே தெரிய வேண்டாம், குறிப்புக்காக மட்டும் என்றால் புள்ளிக்குப் பதில் ஆச்சரியக்குறி. சதுர அடைப்புக்குள் வரும். நேரமும் வேண்டுமென்றால் முதலில் கண்ட்ரோல்+யூ.

மாற்ற: கர்சரைத் தேதியின் மேல் வைத்து ஷிஃப்ட்+வலது அம்பு, ஒரு நாள் கூடும். ஷிஃப்ட்+இடது, ஒரு நாள் குறையும். ஷிஃப்ட்+மேல், ஷிஃப்ட்+கீழ் இரண்டும் கர்சர் எந்தப் பகுதியில் இருக்கிறதோ அதை மாற்றும்: ஆண்டின் மேல் இருந்தால் ஆண்டு, மாதத்தின் மேல் இருந்தால் மாதம், மணியின் மேல் இருந்தால் மணி. அடைப்புக்குறியின் மேலேயே வைத்து அழுத்தினால் கோண அடைப்பு சதுரமாகும், சதுரம் கோணமாகும். கிழமை தானாகச் சரியாகிவிடும்.

கேள்வி: ஷிஃப்ட்+வலது அழுத்தினால் தேதி மாறாமல் டுடூ (செய்ய வேண்டியது) என்பது டன் (முடிந்தது) ஆகிவிடுகிறது. ஏன்?

கர்சர் தேதிக்கு வெளியே, தலைப்பு வரியில் நிற்கிறது. அதே விசை தலைப்பில் வேலையின் நிலையை மாற்றும், பட்டியல் வரியில் புள்ளிக்குறியை மாற்றும். ஷிஃப்ட்+மேல் தலைப்பில் முன்னுரிமையை மாற்றும். கண்ட்ரோல்+/ அடித்து மீட்டுவிட்டு, கர்சரை அடைப்புக்குறிக்குள் கொண்டுபோய் அழுத்துங்கள்.

கேள்வி: மூன்று வாரம் தள்ளிப்போட 21 தடவை அழுத்தணுமா?

வேண்டாம். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு 2, 1 அடித்து, பிறகு ஷிஃப்ட்+வலது. எண் கொடுக்காமல் கண்ட்ரோல்+யூ மட்டும் அடித்தால் நான்கு நாள் நகரும்; ஈமேக்ஸில் அதன் மதிப்பு 4 என்பதால். "நாலு நாள் தாவுது" என்ற புகாருக்கெல்லாம் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கேள்வி: நிமிடம் ஐந்து ஐந்தாகத்தான் நகர்கிறது. 10:02 வைக்க முடியவில்லை.

ஐந்து நிமிடப் படி என்பது ஆர்க் தரும் இயல்பு. 10:02 இல் ஷிஃப்ட்+மேல் அழுத்தினால் 10:05, கீழ் அழுத்தினால் 10:00. ஆல்ட்+1 அடித்துவிட்டு ஷிஃப்ட்+மேல் அழுத்துங்கள், சரியாக ஒரு நிமிடம் கூடும். எப்போதுமே ஒரு நிமிடப் படி வேண்டுமென்றால் ஆர்க்-டைம்-ஸ்டாம்ப்-ரவுண்டிங்-மினிட்ஸ் என்ற மாறியில் இரண்டாவது எண்ணை 1 ஆக்கிவிடுங்கள்.

கேள்வி: கூட்டம் 10:00-11:30. அதை 11 மணிக்குத் தள்ளினால் முடியும் நேரத்தையும் தனியாக மாற்றணுமா?

தொடங்கும் நேரத்தை மாற்றினால் முடியும் நேரமும் கூடவே நகர்ந்து 11:00-12:30 ஆகும், நீளம் மாறாது. நீளத்தை மாற்றத்தான் இரண்டாவது நேரத்தின் மேல் கர்சரை வைக்க வேண்டும். முதலில் தொடக்கத்தை நகர்த்துங்கள், பிறகு முடிவை. வரிசை மாறினால் இரண்டு வேலை.

கேள்வி: ஜனவரி 31 இல் மாதத்தைக் கூட்டினால் மார்ச் வருகிறது, பிழையா?

2026-01-31 இல் மாதத்தைக் கூட்டினால் கணக்கு "பிப்ரவரி 31" என்று போகும். பிப்ரவரிக்கு 28 நாள்தான், மிச்சம் மூன்று நாள் வழிந்து 2026-03-03 இல் நிற்கும். திரும்ப மாதத்தைக் குறைத்தாலும் 31 வராது, 2026-02-03 தான் வரும். அதனால் மீட்க கண்ட்ரோல்+/ மட்டுமே. மாதக் கடைசி தேதி வேண்டுமென்றால் அடுத்த மாதம் 1 ஆம் தேதிக்குப் போய் ஷிஃப்ட்+இடது ஒரு முறை. 28 ஆ, 30 ஆ என்று யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி: தேதி கேட்கும் இடத்தில் 5/2 என்று அடித்தேன். மே மாதம் வந்துவிட்டது சார்.

சாய்கோடு போட்டால் ஆர்க் அமெரிக்க முறையில் மாதம் முதலில் என்று எடுக்கும். நாம் எழுதும் வழக்கத்துக்கு 5.2. என்று அடியுங்கள், மாதத்துக்குப் பின்னும் புள்ளி கட்டாயம். அப்போது பிப்ரவரி 5.

அந்த இடத்தில் இன்னொன்று பழகினால் மற்றதெல்லாம் குறையும்: +5 என்றால் இன்றிலிருந்து ஐந்து நாள். ++5 என்றால் ஏற்கெனவே இருக்கும் தேதியிலிருந்து ஐந்து நாள். பழைய தேதியின் மேல் கர்சரை வைத்து கண்ட்ரோல்+சி, புள்ளி அடித்து +5 போடுகிறவர்களுக்குத்தான் "தப்பான தேதி வருது" என்ற குழப்பம். வெறுமனே 14 என்று அடித்தால் இந்த மாதம் 14. அது கடந்துவிட்டால் அடுத்த மாதம் 14. திரையில் தெரியும் நாட்காட்டியில் ஷிஃப்ட்+இடது வலது ஒரு நாள், மேல் கீழ் ஒரு வாரம்.

கேள்வி: ஒரே நேரத்தில் பத்து வேலையை ஒரு வாரம் தள்ள வழி உண்டா?

உண்டு. அஜெண்டாவில் ஒவ்வொன்றின் மேலும் சின்ன எம் அடித்துக் குறியிடுங்கள். பிறகு பெரிய பி, அடுத்து சின்ன எஸ். தேதி கேட்கும்போது ++7. எல்லாம் அதனதன் தேதியிலிருந்து ஏழு நாள் நகரும். ஒரே பிளஸ் போட்டால் பத்தும் ஒரே நாளில் வந்து குவியும்.

ஒன்றை மட்டும் நகர்த்த அஜெண்டாவிலேயே ஷிஃப்ட்+வலது போதும். அங்கே ஆல்ட் இல்லாமலே எண்ணை அடிக்கலாம்.

கேள்வி: டெர்மினலில் ஷிஃப்ட்+அம்பு வேலை செய்யவில்லை.

சில டெர்மினல்கள் அந்த விசையை ஈமேக்ஸுக்கு அனுப்புவதே இல்லை. கண்ட்ரோல்+சி அடித்து அம்புக்குறியை அழுத்துங்கள். டெர்மினலில் ஆர்க் அதை ஷிஃப்ட்+அம்பாக எடுத்துக்கொள்ளும். வின்னர் மோட் (பழைய சாளர அமைப்பை மீட்கும் ஈமேக்ஸ் வசதி) போட்டிருந்தால் இடது, வலது இரண்டையும் அது பிடித்துக்கொள்ளும்; ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான்.

கேள்வி: தமிழ் விசைப்பலகை போட்டிருக்கும்போது கண்ட்ரோல்+சி, புள்ளி எதுவும் ஆவதில்லை.

இயங்குதளத்தில் தமிழுக்கு மாற்றினால் ஈமேக்ஸுக்குத் தமிழ் எழுத்துதான் போய்ச் சேரும், அதற்கு எந்தக் கட்டளையும் இல்லை. இயங்குதளத்தை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, ஈமேக்ஸுக்குள் கண்ட்ரோல்+\ அடித்து தமிழ்-இட்ரான்ஸ் அல்லது தமிழ்-இன்ஸ்கிரிப்ட் தேர்ந்தெடுங்கள். கண்ட்ரோல் விசைகளை அது தொடாது.

கேள்வி: கையால் தேதியை மாற்றிவிட்டேன், கிழமை மட்டும் தப்பு.

அதன் மேல் கர்சரை வைத்து கண்ட்ரோல்+சி இரண்டு முறை.