சிகரட்டை விட்ட பின்னர் வந்த குருதிப்போக்கு

கேள்வி: கடற்றொழில் செய்யும் என் கணவர், பல வருடங்களாகப் புகைத்த சிகரட்டைச் சென்ற வருடம் முற்றாக நிறுத்தினார். சில மாதங்களிலேயே மலத்துடன் இரத்தம் போகத் தொடங்கியது. பரிசோதித்துவிட்டு ‘அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்’ என்றார்கள். சிகரட்டை விட்டதால்தான் இது வந்தது என்று கூடத் தொழிலுக்குப் போகிறவர்கள் சொல்ல, அவர் மறுபடியும் புகைக்கிறார். ஆனால் குரோன்ஸ் நோயுள்ள என் தம்பியிடம், சிகரட்டைத் தொடவே கூடாது என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டுமே குடல் அழற்சிதானே? எதை நம்புவது?
– வாசகி, திருக்கடலூர், திருகோணமலை

பதில்: உங்கள் கணவரின் தோழர்கள் சொல்வதை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. புகைப்பவர்களிடம் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் குறைவாகக் காணப்படுவதை 1980களின் தொடக்கத்திலேயே பிரித்தானிய மருத்துவர்கள் கவனித்தார்கள். புகைப்பதை நிறுத்திய முதற் சில வருடங்களில் இந்நோய் தலைகாட்டும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் பின்னர் தெரியவந்தது. இதை மறைத்துப் பேசினால், மருத்துவர் சொல்லும் மற்றவற்றையும் நோயாளி நம்பமாட்டார் என்பது என் எண்ணம்.

குரோன்ஸ் நோயில் நிலைமை நேர்மாறானது. புகைப்பது அந்நோயைக் கடுமையாக்குகிறது. சத்திரசிகிச்சையின் பின்னரும் நோய் திரும்பி வருவதற்கு வழிசெய்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் புகைக்காமல் இருந்த குரோன்ஸ் நோயாளருக்கு நோய் மீண்டும் கிளம்பும் வாய்ப்பு, ஒருபோதும் புகைக்காதவர்களுக்கு உள்ள அளவுக்குக் குறைந்துவிட்டதை 2001 இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டியது. உங்கள் தம்பி சிகரட்டை விடுவது அவருடைய சிகிச்சையின் ஒரு பகுதியே.

அப்படியானால் உங்கள் கணவர் தொடர்ந்து புகைக்கலாமா? கூடாது. நிக்கொட்டின் ஒட்டுப்பட்டையை மருந்தாகவே கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குக் குணம் தெரிந்தாலும் குமட்டலும் தலைச்சுற்றும் வந்தன, அடங்கிய நோயை அடங்கியபடியே வைத்திருக்கவும் அது உதவவில்லை. அந்த வேலையை மெசலசின் போன்ற மருந்துகள் நன்றாகவே செய்கின்றன. மேலும், குடல் அழற்சி உள்ளவர்களுக்கு நாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்து ஏற்கெனவே அதிகம். நோய் கிளம்பும்போது கொடுக்கப்படும் பிரட்னிசலோன் எலும்பைத் தேய்க்கிறது. புகையும் அதே எலும்பையே தேய்க்கிறது. இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் வரும் கேட்டைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே அவர் சிகரட்டை விடவே வேண்டும், ஆனால் கிளினிக்கில் சொல்லிவிட்டு, நோய் அடங்கியிருக்கும் காலம் பார்த்து விடுவது நல்லது. இரத்தம் நின்றதும் குளிசையையும் நிறுத்திவிடும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. புகையை விடுகின்ற மாதங்களில் அது மிகவும் பிழையான செயல். முதல் சில நாட்கள்தான் கடினமானவை, மூன்று நான்கு வாரங்களில் தவிப்பு வெகுவாகத் தணியும். இரவில் வலையை விட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் தூக்கம் கலையப் பற்றவைப்பதே பலருக்குப் பழக்கமாகி இருப்பதால், படகில் சிகரட் பெட்டியே இல்லாதபடி உடன் செல்பவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

நிக்கொட்டின் மெல்லுபசையை மருத்துவர் பரிந்துரைத்தால், அதைச் சுவிங்கம்போல் தொடர்ந்து மெல்லக் கூடாது. காரம் நாக்கில் தெரியும்வரை மெதுவாக மென்று, பின்னர் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிவைத்து, காரம் குறைந்ததும் மீண்டும் மெல்ல வேண்டும். இல்லாவிட்டால் எச்சிலோடு நிக்கொட்டினும் வயிற்றுக்குள் போய் விக்கலும் குமட்டலும் வரும். அதைக் குடல் நோய் என்று எண்ணிப் பயந்து மெல்லுபசையைக் கைவிடுகிறார்கள். கோப்பியோ சோடாவோ குடித்தால் கால் மணிநேரம் பொறுத்தே அதை வாயில் போட வேண்டும்.

புகையை விட்டவர்களுக்குச் சில வாரங்கள் மலச்சிக்கலும் வாய்ப்புண்ணும் வருவது வழமை. ஆனால் குரோன்ஸ் நோயிலும் வாய்ப்புண் வரும் என்பதால், ஆறாமல் நீடித்தால் தம்பி கிளினிக்கில் காட்ட வேண்டும். உங்கள் கணவருக்கு ஒரு நாளில் ஆறு தடவைக்கு மேல் இரத்தத்துடன் மலம் போனாலோ, அதனுடன் காய்ச்சலோ நெஞ்சுப் படபடப்போ இருந்தாலோ, அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.