பெர்த்துக்கு ஆய்வு செய்ய வரும் மணவாளக்குறிச்சித் தம்பிக்கு

தம்பி, பெர்த்தில் சுரங்கச் சட்டத்தில் பிஎச்.டி. இடம் கிடைத்திருக்கிறது, ஊர் மணலை விட்டுவிட்டு மேற்கு ஆஸ்திரேலியாவை மட்டும் எடுக்கலாமா, உதவித்தொகையில் குடும்பம் நடத்த முடியுமா என்று கேட்டிருக்கிறாய். நான் தக்கலைக்காரன், வந்து 14 வருஷம் ஆகிறது.

உதவித்தொகை தனி ஆளுக்குப் போதும். குடும்பம் என்றால் வாடகையே பாதியைத் தின்றுவிடும். முதல் ஆறு மாதம் தனியாக வா.

மணலை மட்டும் விடாதே. 1909இல் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டிப்போன மணலில்தான் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். அது உன் ஊர் மணல். அதோடு கூடப் பிறந்த இல்மனைட், சிர்கான் என்ற கனிமங்களையும் இங்கே பெர்த்துக்கு வடக்கே எனியாபா என்ற ஊர்ப் பக்கம் தோண்டியிருக்கிறார்கள். ஒரே மணல், இரண்டு சட்டம். இதைவிட நல்ல தலைப்பு எங்கே கிடைக்கும்?

ஆனால் வெளிநாட்டுச் சட்டம் என்றால் கறார் என்று நினைத்து வராதே. நான் அப்படித்தான் வந்தேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தைப் பத்துப் பக்கம் புகழ்ந்து எழுதினேன். வழிகாட்டி ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்: “கடைசிக் கையெழுத்து யாருடையது?” இங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையம் திட்டத்தை ஆராய்ந்து அறிக்கைதான் தரும், முடிவு அமைச்சருடையது. அறிக்கையை எதிர்த்து முறையிட்டாலும் அதே அமைச்சரின் மேசைக்கே போகும். இதே மாநிலத்தில் ஜூகன் பள்ளத்தாக்கில் 46,000 ஆண்டு மனித வாழ்வின் தடயம் இருந்த பாறைக்குகைகளை 2020 மே மாதம் வெடிவைத்துத் தகர்த்தபோது, 1972 பழங்குடிப் பாரம்பரியச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி வாங்கிய அனுமதி சுரங்கக் கம்பெனியின் கையில் இருந்தது.

தோண்டிய குழியை யார் காசில் மூடுகிறார்கள் என்றும் பார். 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, மதிப்பிட்ட சீரமைப்புச் செலவில் ஆண்டுக்கு 1 சதவீதம் பொது நிதியில் கட்ட வேண்டும். பெரிய இரும்புத்தாதுச் சுரங்கங்கள் பலவும் அரசோடு தனி ஒப்பந்தச் சட்டம் போட்டுக்கொண்டவை. அவை பொதுவாக இந்த நிதிக்குள் வருவதில்லை. உன் ஆய்வுக்குத் தீனி அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று. சுரங்கத் திட்டம் பற்றி இங்கே மக்கள் பெரும்பாலும் கருத்தை எழுதித்தான் அனுப்புவார்கள். கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் என்றதும் ஊரே கொதித்ததே, அந்த மாதிரி விஷயத்துக்கு மைக் பிடித்து அதிகாரியை நேரில் கேட்கிற கருத்துக்கேட்புக் கூட்டம் இங்கே அரிது. நம் நாட்டின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை தந்த அந்த மைக்கின் அருமை எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது. 2025 செப்டம்பரில் அணுக்கனிமச் சுரங்கங்களுக்கு அந்தக் கூட்டத்திலிருந்து ஒன்றிய அரசு விலக்குக் கொடுத்துவிட்டது.

அப்புறம், பழங்குடி மக்களிடம் பேச நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். என்னுடையதை மூன்று தடவை திருப்பினார்கள், ஏழு மாதம் போயிற்று. முதல் வருஷமே விண்ணப்பி.

ஆசைப்பட்டு மட்டிப்பழம் கொண்டுவராதே, விமான நிலையத்திலேயே பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள். நேந்திரங்காய் சிப்ஸ் என்றால் விமானத்தில் தரும் பயணி அட்டையில் எழுதிக் காட்டிவிடு.