தம்புராவை விழுங்குவது லேப்டாப்பா, ஜூமா?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாய்ப்பாட்டு ஆசிரியை எழுதியிருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஜூமில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறார். லேப்டாப் வாங்கி நான்கு வருடமாகிறது. சார்ஜர் மாட்டியிருந்தால் ஹெட்போனில் ஓயாத ஓர் இரைச்சல். அந்தப் பக்கத்திலிருந்து பிள்ளைகள், "டீச்சர், தம்புரா கேட்கவே இல்லை, உங்கள் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது" என்கிறார்களாம். கடைக்காரர் முந்நூறு ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டை (ஹெட்போனும் மைக்கும் மாட்டும் துளைகளோடு லேப்டாப்பில் செருகும் சிறு கருவி) காட்டி, இதை மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். வாங்கலாமா, வாங்கினால் குருவிடம் கற்ற காலத்துக் கேசட்டுகளையும் இதே கார்டு வழியாக லேப்டாப்பில் ஏற்ற முடியுமா என்பது அவர் கேள்வி.

அம்மா, கார்டை இன்னும் வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன குறைகளில் முக்கியமானதற்கும் சவுண்ட் கார்டுக்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் தம்புரா. ஜூம் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சீராக வரும் ஒலி எதுவானாலும் அது ஃபேன் சத்தம், ஏசி சத்தம் என்று எண்ணி அழித்துவிடும். தம்புராவின் குணமே ஒரே சீராக ஒலிப்பதுதான். உங்கள் சுருதியை ஜூம் ஃபேன் சத்தத்தோடு சேர்த்துத் துடைத்து எறிகிறது. நீண்ட கார்வைகள் நடுவில் தேய்வதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். ஐயாயிரம் ரூபாய்க்கு சவுண்ட் கார்டு போட்டாலும் இது மாறாது, ஏனென்றால் அழிப்பது கார்டைத் தாண்டிய பிறகு நடக்கிறது.

ஜூமின் ஆடியோ செட்டிங்கில் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுங்கள், அதனடியில் ‘ஹை ஃபிடெலிட்டி மியூசிக் மோட்’ என்பதையும் டிக் செய்யுங்கள். அப்புறம் வகுப்பு தொடங்கியதும் திரையின் மேல் பக்கம் ‘ஒரிஜினல் சவுண்ட்’ பட்டன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். செட்டிங்கில் டிக் போட்டுவிட்டு இந்தப் பட்டனை மறந்துவிடுபவர்கள் அதிகம். அதே செட்டிங்கில் இருக்கும் எதிரொலி நீக்கியை (எக்கோ கேன்சலேஷன்) அணைத்தால் நீங்கள் ஹெட்போன் போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் மாணவியின் குரல் உங்கள் ஸ்பீக்கரில் வந்து மறுபடி மைக்கில் ஏறி அவளுக்கே திரும்பப் போகும். இதை மட்டும் செய்துவிட்டு ஒரு வகுப்பு எடுத்துப் பாருங்கள்.

சரி, இரைச்சலுக்கு வருவோம். ஹெட்போனை லேப்டாப்பில் மாட்டி, எதையும் ஓடவிடாமல் வால்யூமை முழுதும் ஏற்றுங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள். இரைச்சல் அந்த நொடியே நின்றால் அது வரும் வழி சார்ஜர் பக்கம் இருக்கிறது. வகுப்புக்கு முன் முழுதாகச் சார்ஜ் செய்துகொண்டு பேட்டரியில் ஓட்டினால் இன்றைக்கே நிம்மதி. பிடுங்கிய பிறகும் மெல்லிய ‘கிர்ர்’ ஒன்று மிச்சமிருந்து, நீங்கள் மவுஸை உருட்டி ஒரு பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும்போது அந்தக் கிர்ர் கூடிக் குறைந்தால், அது லேப்டாப்பின் உள்ளே பிறப்பது. பிராசசரும் மின்சுற்றுகளும் நெருக்கியடித்து இருக்கும் அதே பலகையில்தான் ஒலிச் சிப்பும் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சுற்றுகள் உழைக்கும்போதெல்லாம் அதன் காதில் ஏதோ விழுகிறது. கடைசியாக அதே ஹெட்போனைப் போனில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் இரைந்தால் குறை ஹெட்போனில் இருக்கிறது.

சவுண்ட் கார்டு உதவுவது அந்த உள் இரைச்சலுக்கு. எண்களாக இருக்கும் இசையை மின்னலையாக மாற்றும் வேலையைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஹெட்போனில் கேட்கும் சார்ஜர் இரைச்சலும் பல நேரம் குறையும். ஆனால் லேப்டாப்பைச் சுவர் பிளக்கில் ஓடும் ஸ்பீக்கரோடு இணைத்துக் கேட்கும்போது வரும் 50 ஹெர்ட்ஸ் ‘ஊம்’ சத்தத்துக்கு இது மருந்தில்லை. யுஎஸ்பி கேபிள் வழியாகவும் கிரவுண்ட் (கருவிகளை எர்த்தோடு சேர்க்கும் பொது இணைப்பு) தொடர்கிறது, சத்தமும் கூடவே வரும். அதற்கு கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று தனியாக ஒரு சிறு பொருள் இருக்கிறது. லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் விரலில் சுருக்கென்கிறதா? அப்படியானால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் போவதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், உயிருக்கு ஆபத்து.

லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரும் சவுண்ட் கார்டால் நன்றாகாது. கார்டை மாட்டினால் ஒலி அதன் துளை வழியாக வெளியேறுகிறது, உள் ஸ்பீக்கருக்குப் போவதே இல்லை. ப்ளூடூத் ஹெட்போனுக்கும் இதனால் பயனில்லை.

இப்போது அந்த முந்நூறு ரூபாய் கார்டு. அதன் அட்டையில் ‘7.1 சேனல்’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். இருக்கிற ஒரே ஹெட்போன் துளையில் இடது, வலது என்ற இரண்டு சேனலுக்கு மேல் போகாது, மீதி எல்லாம் மென்பொருள் காட்டும் பாவனை. வெறுமனே பாட்டுக் கேட்பதற்கு இந்த ரகம் மோசமில்லை. ஒலியை எவ்வளவு நுணுக்கமாக எண்ணாக்குகிறது என்பதற்கான அளவில் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் கொடுக்கும், சிடியே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான். கேட்பதற்கு மட்டுமென்றால் ஆப்பிளின் சி டைப் ஹெட்போன் அடாப்டரை நான் இதைவிட மேலாகச் சொல்வேன். சி டைப் போர்ட் உள்ள விண்டோஸ் லேப்டாப்பிலும் அது வேலை செய்யும். 192, 384 கிலோஹெர்ட்ஸ் என்ற பெரிய எண்களுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

இந்த மலிவுக் கார்டுகள் கோட்டை விடுவது மைக் பக்கத்தில். சின்னக் குரலை ஏற்றிக் கொடுக்கும்போது ‘ஸ்ஸ்’ என்ற சீறலையும் சேர்த்து ஏற்றிவிடும். இன்னொரு தொல்லை பிளக். உங்கள் மைக்கின் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம் இருந்தால் அது போனுக்கானது. கார்டின் இளஞ்சிவப்புத் துளை இரண்டு வளைய பிளக்குக்கானது. மாற்றிச் செருகினால் மைக்கின் சிக்னல் கிரவுண்டில் போய் முட்டி மௌனமாகிவிடும். மைக் கெட்டுப்போனது என்று தூக்கிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், நல்ல மைக்குகள். போன் பிளக்கை மைக்குக்கும் ஹெட்போனுக்குமாக இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஒய் அடாப்டர் போதுமாக இருந்தது.

நீங்கள் பாட்டு சொல்லித்தருபவர், அதனால் உங்கள் பணம் மைக் பக்கம்தான் போக வேண்டும். ஹெட்போன் துளையோடு வரும் ஒரு யுஎஸ்பி மைக் வாங்குங்கள். அதற்குள்ளேயே சவுண்ட் கார்டு இருக்கிறது, தனியாக ஒன்று தேவையில்லை. உங்கள் குரல் தாமதமில்லாமல் உங்கள் காதுக்கே வரும் வசதி இருக்கிறதா என்று கடையில் போட்டுக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். கிணற்றுக் குரல் என்பது அநேகமாக மைக் தூரத்தில் இருப்பதும் அறையின் வெற்றுச் சுவரும் சேர்ந்து செய்வது. பின்னால் ஒரு கனத்த திரையோ ஜமுக்காளமோ தொங்கவிட்டால் வித்தியாசம் உடனே தெரியும். லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள், ஹார்ட் டிஸ்க்கோடு ஒரே யுஎஸ்பி ஹப்பில் (ஒரு துளையைப் பல துளைகளாக்கும் பெட்டி) வேண்டாம். விண்டோஸில் மைக்கைத் தேர்ந்தெடுத்தால் போதாது, ஜூமுக்குள்ளேயும் தேர்ந்தெடுக்க வேண்டும். மேல் ஸ்தாயியில் முழுக்குரலில் பாடிப் பார்த்து, அங்கே உடையாத அளவுக்கு லெவலை இறக்கி வையுங்கள்.

கேசட்டுக்கு வருகிறேன். இதற்கு அந்த மைக்கும் ஆகாது, முந்நூறு ரூபாய்க் கார்டும் ஆகாது. கார்டின் மைக் துளை ஒற்றைச் சேனல், அதோடு மைக்கின் நுண்ணிய மின்னலைக்காகச் செய்தது. டேப் ரிக்கார்டரின் சிக்னல் அதற்குப் பல மடங்கு பெரிது. உள்ளே போனதும் நொறுங்கிவிடும். சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ துளைகள் உள்ள கார்டு வேண்டும். பெஹ்ரிங்கர் யுசிஏ202 அப்படி ஒன்று. 16 பிட்தான், ஆனால் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 16 பிட் தாங்கும் எல்லை சுமார் 96 டெசிபெல், சாதாரணக் கேசட் 60ஐத் தொட்டாலே பெரிது. தாராளமாகப் போதும். பதிவு செய்ய ஆடாசிட்டி மென்பொருள் இலவசம். சி60 கேசட்டின் ஒரு பக்கம் அரை மணி நேரம், சுருக்காத வேவ் கோப்பாக வைத்தால் சுமார் 345 எம்பி வரும்.

இந்த வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மைக் அடுத்த மாதம் வாங்கலாம், நாடா காத்திருக்காது. பிளேயரின் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். முக்கியமில்லாத ஒரு கேசட்டைப் போட்டு, பிளேயர் நாடாவைச் சிக்கவைக்கவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு குருவின் கேசட்டை ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் ஓட்டி நாடாவைத் தளர்த்துங்கள். முதல் தடவை பிளே அழுத்தும்போதே பதிவும் ஓடிக்கொண்டிருக்கட்டும். இரண்டாவது தடவை அந்த நாடா ஒத்துழைக்காமல் போகலாம். பாடத்தின் நடுவே அவர் இருமுவதையும், தவறைத் திருத்துவதையும், யாரோ காப்பி கொண்டுவந்து வைப்பதையும் வெட்டாமல் அப்படியே ஒரு பிரதி வைத்துக்கொண்டு, சுத்தம் செய்வதை வேறொரு பிரதியில் செய்யுங்கள்.