சிறைக் கைதி வேலை செய்யும்போது அடிபட்டால் அவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா?

ஏட்டில் உண்டு. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2015-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகளில் 101-ஆவது விதி, வெளியில் உள்ள தொழிலாளிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு கைதிக்கும் வேண்டும், காயத்துக்கும் தொழில்நோய்க்கும் குறைவில்லாத இழப்பீடு வேண்டும் என்கிறது. ஆனால் அதை மீறினால் எந்த நாட்டையும் தண்டிக்க முடியாது.

அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் மாநில அரசை 'முதலாளி' என்று கணக்கில் எடுப்பதில்லை. அதனால் மாநிலச் சிறைக் கைதிகளில் பெரும்பாலோர் அதற்கு வெளியேதான். மத்திய அரசின் சிறைகளும் ஒழுங்காக நடந்துவிடவில்லை. அங்கே மின்கழிவு பிரிக்கும் வேலையில் பழைய கணினித் திரைகளைக் கைதிகள் சுத்தியலால் உடைத்தார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கும், உள்பூச்சில் காட்மியம் இருக்கும். இரண்டும் தூசியாகி மூச்சில் போயிருக்கின்றன. 2010-இல் அந்நாட்டு நீதித்துறையின் சொந்த விசாரணை அறிக்கையே இதைச் சொன்னது. நான் பினாங்கில் மின்கழிவு பிரிக்கும் இடத்தில் வேலை பார்த்தவன். அந்த வேலைக்குத் தூசி உறிஞ்சும் குழாய், சரியான முகமூடி, வீட்டுக்குப் போகுமுன் குளியல், இரத்தத்தில் ஈயம் பார்க்கும் சோதனை எல்லாம் வேண்டும். படித்தபோது வயிறு எரிந்தது.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். மலேசியாவில் 2008 முதல் பரோல் முறை இருக்கிறது. பினாங்கின் பிறை பகுதியில் நான் பணியிடப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த ஒரு தொழிற்சாலைக்குப் பரோலில் ஒரு தம்பி வேலைக்கு வந்தார். பிரஸ் மெஷினில் கை உள்ளே போகாமல் தடுக்கும் கதவை யாரோ கழற்றி வைத்திருந்தார்கள். அவர் அதைப் பார்த்தார், வாய் திறக்கவில்லை. இரண்டு விரல் நுனி நசுங்கிய பிறகும் துணியைச் சுற்றி மறைத்துக்கொண்டு நின்றார். "அண்ணே, மேல சொல்லாதீங்க. திருப்பி உள்ள அனுப்பிடுவாங்க" என்றார்.

பிரச்சினையின் வேர் இந்தப் பயம்தான். 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள நம் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தப்படி, உடனடி ஆபத்து என்று சொல்லியும் முதலாளி சரிசெய்யாவிட்டால் தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. பயமில்லாதவருக்குத்தான் இந்த உரிமை கைகொடுக்கும். பரோலில் இருப்பவருக்கே இவ்வளவு பயம் என்றால், சிறைக்குள் தச்சுப் பட்டறையில் நிற்பவர் எப்படி 'முடியாது' என்பார்? அதனால் கைதிகள் வேலை செய்யும் இடத்துக்குச் சிறைத்துறையைச் சாராத ஆய்வாளர் முன்னறிவிப்பின்றிப் போக வேண்டும், காவலர் பக்கத்தில் இல்லாமல் அவர்களிடம் பேச வேண்டும்.

அந்தத் தம்பியை அன்றே கிளினிக்குக் கூட்டிப்போய், விபத்து அறிக்கையில் கதவு கழற்றப்பட்டிருந்ததை முதல் வரியிலேயே எழுதினேன். அவரைத் திருப்பி அனுப்பவில்லை.