கொட்டகையில் கிடந்த பேண்ட்சாவை ஓட வைப்பது எப்படி?

காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் வீட்டிலேயே மரவேலை செய்பவர்கள் பழைய பேண்ட்சா பற்றி என்னிடம் கேட்டவற்றுக்குப் பதில்கள் இவை. பேண்ட்சா என்றால், மேலும் கீழுமாக உள்ள இரண்டு சக்கரங்களின் மேல் வளையமான பிளேடு ஓடி மரம் அறுக்கும் மெஷின்.

தேவகோட்டையிலிருந்து: அண்ணே, பத்து வருடம் சும்மா கிடந்த 14 அங்குல மெஷினை வாங்கிவிட்டேன். மேடை முழுக்கத் துரு. எங்கே தொடங்குவது?

துருவை அப்புறம் பார்க்கலாம், தம்பி. முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிளேடைக் கழற்றுங்கள். இரண்டு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ, பிடித்து அசைத்தால் ஆடினாலோ பேரிங்கை மாற்ற வேண்டும். அதன் ஓரத்தில் எண் பொறித்திருக்கும். அதைச் சொன்னால் கடையில் எடுத்துத் தருவார்கள். துருவுக்கு மண்ணெண்ணெய் தொட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நன்றாகத் துடைத்து, மெழுகு பூசினால் போதும். எண்ணெய் பூசி விடாதீர்கள், மரத்தில் கறை ஏறும்.

பள்ளத்தூரிலிருந்து: பிளேடு கழன்று கழன்று விழுகிறது. புதுப் பிளேடு போட்டும் அதே கதைதான்.

பிளேடு மேல் பழி போடாதீர்கள். சக்கரத்தின் மேல் ஓடும் ரப்பரைப் பாருங்கள். நகத்தால் அழுத்தினால் அமுங்கி எழ வேண்டும். இறுகி வெடிப்பு விட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். பல மெஷின்களில் அந்த ரப்பரின் நடுப்பகுதி லேசாக மேடாக இருக்கும். அந்த மேடுதான் பிளேடை நடுவில் நிறுத்துகிறது. என் மெஷினில் கீழ்ச் சக்கரத்து ரப்பரில் மரத்தூளும் பிசினும் சேர்ந்து துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கட்டி ஒட்டியிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் பிளேடு ஒருமுறை உதறும். இரண்டு பிளேடு வாங்கிய பிறகுதான் அந்தக் கட்டி கண்ணில் பட்டது. சுரண்டி எடுத்தேன், உதறல் நின்றது.

ரப்பர் சரியென்றால், கைடுகளை (பிளேடு விலகாமல் தாங்கும் பாகங்களை) எல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டு பிளேடை விறைப்பாக இறுக்குங்கள். மேல் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே, அதன் சாய்வுத் திருகைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புங்கள். பிளேடு ஒரே இடத்தில் நிலைத்து ஓடும் வரை மோட்டாரைப் போட வேண்டாம்.

ஆத்தங்குடியிலிருந்து: கைடு எவ்வளவு நெருக்கமாக இருக்கணும்?

பக்கவாட்டில் ஒரு தாள் நுழையும் இடைவெளி. பல் மட்டும் கைடுக்கு வெளியே, முன்னால் நிற்க வேண்டும். உள்ளே போனால் பல்லின் கூர் போய்விடும். பின்பக்கப் பேரிங் அரை மில்லிமீட்டர் தள்ளி இருக்கட்டும். மரத்தைத் தள்ளி அறுக்கும்போதுதான் அது சுற்ற வேண்டும்.

கானாடுகாத்தானிலிருந்து: பழைய வீடு பிரித்த பர்மா தேக்கு உத்திரம் கிடைத்திருக்கிறது. பலகையாக அறுக்கலாமா ஐயா?

தாராளமாக. அப்படி ஒரு மரம் இனி எங்கே கிடைக்கும்? ஆனால் ஆணியைத் தேடாமல் பிளேடு பக்கம் கொண்டுபோகாதீர்கள். மேலே ஒட்டிய சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு நாலு பக்கமும் காந்தத்தை ஓட்டுங்கள். வட்டமாகக் கறுத்த இடம் தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கலாம். பித்தளை ஆணி காந்தத்தில் ஒட்டாது, அதைக் கண்ணால்தான் தேட வேண்டும். அங்குலத்துக்கு 3 பல் உள்ள அகலமான பிளேடு போடுங்கள்; நெருக்கப் பல்லில் தூள் அடைத்து, பிளேடு சூடேறி, வெட்டு வளைந்து போகும். தேக்கில் சிலிக்கா உண்டு, பல் சீக்கிரம் மழுங்கும். அந்தத் தூள் சிலருக்கு அரிப்பும் இருமலும் தரும், முகமூடி கட்டாயம்.

புதுவயலிலிருந்து: வேலை முடிந்ததும் பிளேடைத் தளர்த்தணுமா?

நாலைந்து நாள் மெஷினைத் தொட மாட்டீர்கள் என்றால் தளர்த்திவிடுங்கள். இறுக்கிய பிளேடு ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டு நின்றால் ரப்பரில் பள்ளம் விழும். தளர்த்தியதும் ‘பிளேடு தளர்ந்திருக்கிறது’ என்று ஒரு அட்டையில் எழுதி சுவிட்சில் தொங்கவிடுங்கள்.