லவுஞ்சில் குழந்தை அழுதால் யார் வெளியே போக வேண்டும்?

அம்பத்தூர் வாசகர் ஒருவரின் கேள்வி: அடுத்த மாதம் நானும் மனைவியும், மகளையும் பேரக்குழந்தைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து தோஹா வழியாக லண்டன் செல்கிறோம். பெரியவளுக்கு நான்கு வயது, சிறியவனுக்குப் பத்து மாதம். விமானம் அதிகாலையில் என்பதால் நள்ளிரவுக்கே மீனம்பாக்கம் சென்றுவிடுவோம். சென்ற ஆண்டு ஓர் உள்நாட்டுப் பயணத்தில் பேத்தி லவுஞ்சில் (விமானத்துக்குக் காத்திருப்பவர்கள் சாப்பிட்டு ஓய்வெடுக்கும் தனிக் கூடத்தில்) அழுதபோது, பக்கத்தில் மடிக்கணினியோடு அமர்ந்திருந்தவர் எங்களை வெளியே போகச் சொன்னார், நாங்களும் போய்விட்டோம். குழந்தைகளோடு லவுஞ்சுக்குச் செல்வது தவறா? என்னுடைய ஒரே கார்டில் எல்லோரும் நுழைய முடியுமா?

பதில்: தவறில்லை. முறையாக நுழைவு பெற்ற எந்தப் பயணியையும், குழந்தையோடு இருக்கிறார் என்பதற்காக, சக பயணி ஒருவர் வெளியேற்ற முடியாது. இடம் மாறி அமரச் சொல்லும் பொறுப்பும் உரிமையும் லவுஞ்ச் ஊழியர்களுக்கே உண்டு. அன்று நீங்கள் எழுந்து போனது உங்கள் பெருந்தன்மை. கடமையாக எண்ண வேண்டாம். பல ஆண்டுகள் லவுஞ்ச் வரவேற்பு மேசையில் பணியாற்றிய எனக்கு, இத்தகைய மனவருத்தங்களில் பெரும்பாலானவை, எங்கே உட்காருவது என்பதை ஊழியர்கள் முதலிலேயே சொல்லித் தராததால் வந்தவை என்று உறுதியாகத் தெரியும். அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். கார்டு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம்.

கிரெடிட், டெபிட் கார்டுகளின் இலவச நுழைவு பொதுவாகக் கார்டுதாரர் ஒருவருக்கு மட்டுமே. மகளிடம் துணைக் கார்டு இருந்தால் அதற்குத் தனி நுழைவு உண்டா என்று வங்கியிடம் கேளுங்கள். உள்நாட்டு லவுஞ்சுகளில் செல்லும் பல கார்டுகள் சர்வதேச முனையத்தில் செல்லுபடியாவதில்லை. அங்கே பிரயாரிட்டி பாஸ் போன்ற உறுப்பினர் அட்டையோ, சர்வதேச லவுஞ்ச் நுழைவுள்ள கார்டோ தேவைப்படலாம். கடந்த சில ஆண்டுகளாகப் பல வங்கிகள், முந்தைய காலாண்டில் குறிப்பிட்ட தொகைக்குச் செலவு செய்திருந்தால்தான் இலவச நுழைவு என்று விதித்திருக்கின்றன. சென்ற முறை உள்ளே விட்டார்களே என்ற நம்பிக்கையில் போய் நின்று, நள்ளிரவில் ஏமாந்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே வங்கியின் செயலியில் தகுதியைச் சரிபார்த்துவிடுங்கள். கார்டைத் தேய்க்கும்போது இரண்டு ரூபாய் போன்ற சிறு தொகை பிடிக்கப்படுவது சரிபார்ப்புக்காக. அது நுழைவுக் கட்டணமாகாது. கார்டிலுள்ள பெயரும் போர்டிங் பாஸிலுள்ள பெயரும் பொருந்த வேண்டும்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பெரும்பாலான லவுஞ்சுகள் கட்டணம் வாங்குவதில்லை. எனவே பேரனைப் பற்றிக் கவலை வேண்டாம். நான்கு வயதுப் பேத்திக்கு முழுக் கட்டணமா, பாதியா என்பது இடத்துக்கு இடம் மாறும். ஐந்து பேரில் மூன்று பேருக்குக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தால், அந்தப் பணத்துக்கு முனையத்திலேயே சாப்பிட்டுவிட்டு கேட் அருகே அமர்வது மேலா என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரக் காத்திருப்பு என்றால் லவுஞ்ச் தேவையில்லை என்பேன். உங்களைப் போல மூன்று, நான்கு மணி நேரம் என்றால், அதுவும் பெரியவர்கள் உடனிருக்கையில், செலவு நியாயமானதே. வழக்கமாக இரண்டு அல்லது மூன்று மணி நேரம்தான் தங்க அனுமதி என்பதால், குடியகல்வுச் சோதனையும் பாதுகாப்புச் சோதனையும் முடிந்த பிறகு நேரத்தைக் கணக்குப் பார்த்து உள்ளே நுழையுங்கள்.

உள்ளே என்ன கிடைக்கும் என்பதில் அதிக எதிர்பார்ப்பு வேண்டாம். இட்லி, பொங்கல், சாதம், சாம்பார், காபி இயந்திரம், சார்ஜ் செய்யும் வசதி, சாய்வு நாற்காலிகள் சில: இவ்வளவுதான் நம் நாட்டு லவுஞ்சுகள் பலவற்றின் இலக்கணம். தோஹாவின் அல் முர்ஜான் பிசினஸ் லவுஞ்சில் குடும்பங்களுக்கென்று தனிப் பகுதியே உண்டு. அத்தகைய ஏற்பாட்டை இங்கே எதிர்பார்த்துப் போக வேண்டாம். டயப்பர் மாற்றும் மேசை லவுஞ்சுக்குள் இருக்கிறதா, வெளியே முனையத்தின் குழந்தைகள் அறைக்குப் போக வேண்டுமா என்பதை வரவேற்பிலேயே கேளுங்கள். மகள் பாலூட்ட வேண்டியிருந்தால் தயங்காமல் பாலூட்டும் அறை எங்கே என்று கேட்கட்டும். 2015-ஆம் ஆண்டிலேயே பேருந்து நிலையங்களில் தாய்மார்களுக்கென்று பாலூட்டும் அறைகளைத் திறந்த மாநிலம் இது. விமான நிலையத்தில் அதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

பால்மாவு கலக்குவதாக இருந்தால், 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கலந்து, உடனே ஆற வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. காபி இயந்திரத்தின் குழாயில் பிடிக்காமல், சமையலறையிலிருந்து கொதித்த நீரை ஒரு பிளாஸ்க்கில் வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் கொடுப்பார்கள். பேரனின் வயிற்றை லவுஞ்சிலேயே முழுதாக நிரப்பிவிடவும் வேண்டாம். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காதடைப்பு விலக, அவன் எதையாவது உறிஞ்சி விழுங்கிக்கொண்டிருப்பது நல்லது. கைக்குழந்தைக்கு வேண்டிய பாலை, கைப்பையில் திரவங்களுக்கு உள்ள 100 மில்லி வரம்பைக் கடந்தாலும், தேவையான அளவுக்குப் பாதுகாப்புச் சோதனையில் அனுமதிப்பார்கள். பையின் அடியில் வைக்காமல் தனியே எடுத்துக் காட்டுங்கள்.

இனி, எங்கே உட்காருவது. குழந்தைகளோடு வருபவர்கள் இயல்பாகவே கூட்டத்திலிருந்து ஒதுங்கி, ஆளில்லாத அமைதியான மூலையைத் தேடுவார்கள். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறு அது. அந்த மூலையில்தான் சாய்வு நாற்காலிகளும், அவற்றில் உறங்குபவர்களும், வேலை செய்பவர்களும் இருப்பார்கள். அங்கே ஒரு சிணுங்கல்கூடப் பெரிதாகக் கேட்கும். உணவு மேசைகளின் பக்கம் அமருங்கள். தட்டுகளின் ஓசை, காபி இயந்திரத்தின் இரைச்சல், ஆட்களின் நடமாட்டம் ஆகியவற்றுக்கு நடுவே குழந்தையின் குரல் தனித்துத் தெரியாது. சாப்பிட வருபவர்களும் அங்கே அமைதியை எதிர்பார்ப்பதில்லை. ஆனால் சூடான சாம்பார் வைத்திருக்கும் வரிசைக்கு மிக அருகில் வேண்டாம். பேத்தியைத் தனியாகத் தட்டு ஏந்தி வரவும் விடாதீர்கள். விமானங்கள் தெரியும் ஜன்னலோர மேசை கிடைத்தால், நான்கு வயதுக் குழந்தைக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு வேறில்லை. மது பரிமாறும் பகுதி இருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

சத்தத்தைப் பற்றி ஒன்றை மனமாரச் சொல்ல விரும்புகிறேன். குழந்தை அழுவது யாருடைய குற்றமும் இல்லை. கைப்பேசியில் கார்ட்டூனை எல்லோருக்கும் கேட்கும்படி ஓட விடுவது நம்முடைய முடிவு. வரவேற்பு மேசைக்கு வந்த புகார்களில் அழுகையைப் பற்றியவை குறைவு, கைப்பேசி ஒலியைப் பற்றியவையே மிகுதி. அவற்றிலும் குழந்தைகளைவிட, ஸ்பீக்கரில் பேசும் பெரியவர்களைப் பற்றியவை ஏராளம். பேத்திக்குக் குழந்தைகளுக்கான ஹெட்போன் பழக்கமில்லை என்றால், ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் காட்டுங்கள். வண்ணம் தீட்டும் புத்தகம் இன்னும் நல்லது. அழுகை ஓயாவிட்டால் யாராவது ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே சற்று உலாவி வரலாம். வெளியே சென்று திரும்பினால் அது இன்னொரு நுழைவாகக் கணக்கிடப்படுமா என்பதை மட்டும் வரவேற்பில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மடிக்கணினிக்காரரைப் போன்றவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் அவர்களுக்கும் ஒரு சொல். இரைச்சல் தணிக்கும் ஹெட்போன்கள் இன்ஜின், ஏசி போன்ற சீரான தாழ்ந்த ஒலியைத்தான் நன்றாகக் குறைக்கும். உச்சக் குரலில் விட்டுவிட்டு எழும் அழுகையை அவ்வளவாகக் குறைக்காது. அதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண நுரைக் காதடைப்பானே மேல். அதுவும் போதவில்லை என்றால் பெற்றோரிடம் பேசாமல், தமக்கு வேறு இருக்கை தருமாறு ஊழியரைக் கேட்கட்டும். ஐந்து பேரையும் பத்துப் பைகளையும் நகர்த்துவதைவிட ஒரு மடிக்கணினியை நகர்த்துவது எளிது. கூச்சலிடும் குழந்தை ஆட்டிசம் உடையதாகவும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத இத்தகைய குறைபாடுகளைக் குறிப்பால் உணர்த்தும் சூரியகாந்திப் பட்டை 2016-இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில்தான் தொடங்கியது. கழுத்தில் அந்தப் பட்டை இல்லாத குழந்தையிடமும் அதே பொறுமையைக் காட்டலாம்.

கடைசியாக, நேரம். லவுஞ்சில் அறிவிப்பு வரும் என்று நம்பி அமர வேண்டாம். திரையையும் கடிகாரத்தையும் நீங்களே பாருங்கள். உங்கள் மனைவிக்குச் சக்கர நாற்காலி தேவையென்றால் விமான நிறுவனத்திடம் 48 மணி நேரத்துக்கு முன்பே பதிந்துவிட்டு, லவுஞ்சில் கொண்டுவந்து விடும் உதவியாளர் எத்தனை மணிக்குத் திரும்பி வருவார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போர்டிங் பாஸில் உள்ள போர்டிங் நேரத்துக்கு அரை மணி முன்பு எழுந்து, பேரனுக்கு டயப்பர் மாற்றி, பேத்தியைக் கழிப்பறைக்கு அழைத்துச் சென்றுவிட்டு நடந்தால் சரியாக இருக்கும். இந்த முறை யாரேனும் உங்களை வெளியே போகச் சொன்னால், "வரவேற்பில் சொல்லுங்கள் ஐயா, அவர்கள் வேறு இடம் காட்டினால் மாறிக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டு அங்கேயே அமர்ந்திருங்கள்.